குச்சி சுழலுது, தண்ணி வருமா?



நம்ம தர்மபுரி மாவட்டத்திலே கிணறு வெட்டறதும் போர் போடறதும் ஒரு கல்யாணத்தை எடுத்து நடத்துற மாதிரி. மாட்டை வித்து, நகையை அடகு வைத்து, கூட்டுறவுக் கடன் போதாமல் வெளியிலும் கைமாற்று வாங்கித்தான் அந்தக் காரியத்திலே இறங்குகிறோம். போர் வண்டி வந்து நின்ற பிறகு அடிக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்நூறு அடி போயும் புகைதான் வருகிறது என்றால், அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குடும்பத்தின் வயிறு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனாலேதான் போர் வண்டிக்கு முன்னாலே நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடுகிறோம். ஒருத்தர் வேப்பங்கவையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒருத்தர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வருவார். தண்ணி இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார். இன்னொருத்தர் வளைத்த கம்பி இரண்டு வைத்திருப்பார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அங்கே ஊற்று. "இந்த இடத்துலே ரெண்டு நீரோட்டம் கூடுதுங்க. இருநூத்தம்பது அடியிலே ஒண்ணு, நானூறுலே ஒண்ணு. தைரியமா போடுங்க" என்று சொல்லி, கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்.

இது உண்மையா, பொய்யா? இந்தக் கேள்வியைக் கேட்டால் ஊரே இரண்டாகப் பிரியும். "எங்க கிணறு அவர் பார்த்துக் கொடுத்ததுதான், இன்னிக்கும் வத்தலே" என்பார் ஒருத்தர். "எனக்கு மூணு போரும் அவர்தான் பார்த்தார், மூணும் புகை" என்பார் அடுத்தவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனாலே இரண்டு பேரையும் ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, இந்தக் குச்சி எங்கேயிருந்து வந்தது, உலகத்திலே யார் யார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்கிற கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

குச்சியைப் பற்றிய விவரமான பழைய எழுத்து ஜெர்மனி நாட்டிலே, சுரங்கம் தோண்டுகிறவர்கள் மத்தியிலே கிடைக்கிறது. 1556-ஆம் ஆண்டு அகரிகோலா என்பவர் எழுதிய சுரங்கத் தொழில் நூல் அச்சாகி வந்தது. அதிலே ஒரு படம். மலைச்சரிவிலே ஒருவர் கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், இன்னொருவர் மரத்திலே குச்சி வெட்டுகிறார், பக்கத்திலே ஆட்கள் குழி தோண்டுகிறார்கள். அவர்கள் தேடியது தண்ணீரை இல்லை. வெள்ளி, செம்பு, ஈயம் இருக்கிற கனிமப் பட்டையை. அகரிகோலா இரண்டு கட்சியின் வாதத்தையும் எழுதிவிட்டு, தன் அபிப்பிராயத்தையும் சொன்னார்: தொழில் தெரிந்த நல்ல சுரங்கக்காரனுக்குக் குச்சி வேண்டாம், பூமியிலே தெரிகிற அடையாளங்களே போதும் என்று. நானூற்று எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பஞ்சாயத்து நடந்திருக்கிறது, பாருங்கள்.

பிறகு குச்சி பிரான்ஸ் தேசம் போனது. அங்கே 1692-இல் ஒரு வேடிக்கை. லியோன் நகரத்திலே ஒரு சாராய வியாபாரியையும் அவர் மனைவியையும் யாரோ கொலை செய்துவிட்டார்கள். ஜாக் எய்மார் என்கிற குச்சிக்காரக் குடியானவரைக் கூப்பிட்டார்கள். அவர் குச்சியோடு ஊர் ஊராகப் போய், சிறையிலே இருந்த ஒருவனைக் காட்ட, அவனும் ஒப்புக்கொண்டான். தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். நாடே அதிசயப்பட்டது. அடுத்த வருஷம் அவரைப் பாரிஸுக்கு அழைத்துச் சோதனை வைத்தார்கள். மண்ணிலே உலோகத்தைப் புதைத்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னபோது ஒன்றுமே தேறவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்திலே, பதிலை முன்கூட்டியே மறைத்து வைத்தால், குச்சி ஊமையாகிவிடுகிறது. இது பின்னாலேயும் பலமுறை வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்ம சாஸ்திரத்திலே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் வேறு மாதிரி இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டிலே வாழ்ந்த வராகமிகிரர் பிருகத் சம்ஹிதை என்ற நூலிலே நிலத்தடி நீருக்கென்றே ஒரு தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். மனிதன் உடம்பிலே ரத்தக்குழாய் மேலும் கீழும் ஓடுகிற மாதிரி பூமிக்குள்ளேயும் நீர் நரம்புகள் ஓடுகின்றன என்கிறார். இந்த மரம் இருந்து, பக்கத்திலே கரையான் புற்றும் இருந்தால், இத்தனை முழம் தள்ளி, இத்தனை ஆள் ஆழத்திலே தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நாவல் மரமும் அருகிலே புற்றும் இருந்தால் நல்ல தண்ணீர் என்பது அதிலே ஒன்று. தோண்டும்போது என்ன நிற மண் வரும், எப்படிப்பட்ட கல் வரும் என்றுகூட எழுதுகிறார். திருப்பதி வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலே இருந்த பேராசிரியர் ஈ. ஏ. வி. பிரசாத் இதை ஆராய்ந்து 1980-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

இந்த அத்தியாயத்தின் அடிப்படை மரம், புல், புற்று, மண், கல். கையிலே குச்சி சுழல்கிற பேச்சு இல்லை. அவர் சொன்ன முழக்கணக்கு எல்லாம் அப்படியே நம்ம நிலத்திலே பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறை சரியான முறை. கண்ணாலே பார்க்கக்கூடியதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாததை ஊகிக்கிறார். அது வேறு, குச்சி வேறு. நம்ம ஊரிலே இரண்டும் ஒருவர் கையிலேயே கலந்து கிடக்கிறது, அதுதான் குழப்பம்.

வெள்ளைக்காரன் ஆட்சியிலே அரசாங்கமே நீரோட்டம் பார்க்க ஆள் வைத்திருந்தது தெரியுமோ? 1920-களின் பிற்பகுதியிலே பம்பாய் மாகாணத்திலே மேஜர் போக்ஸன் என்கிற பட்டாளத்துக்காரர் அந்த உத்தியோகத்திலே இருந்தார். வறட்சித் தாலுகாக்களிலே சுற்றி, கிணறு வெட்ட இடம் காட்டினார். அவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது. ஆனால் ஒரு விஷயம். அவர் காட்டிய இடத்திலே தண்ணீர் வந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. அவர் காட்டாத இடத்திலே தோண்டியிருந்தால் வந்திருக்காதா என்பதுதான் கேள்வி. பத்து கிணறு வெட்டினால் ஏழிலே தண்ணீர் வருகிற பூமியிலே, நான் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து இடம் சொன்னாலும் ஏழு கிணற்றுக்காரர்கள் எனக்கு மாலை போடுவார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு கணக்கு ஆஸ்திரேலியாவிலே எடுத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநில நீர்ப்பாசன ஆணையம் 1918 முதல் 1943 வரை தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளைப் பிரித்து வைத்தது. குச்சிக்காரர் பார்த்துச் சொல்லித் தோண்டியவை 1,823. அப்படிப் பார்க்காமல் தோண்டியவை 1,758. பார்த்துத் தோண்டியதிலே ஒரு சொட்டும் வராமல் போனது நூற்றுக்கு 14.7. பார்க்காமல் தோண்டியதிலே போனது நூற்றுக்கு 7.4. இரட்டிப்பு நஷ்டம்! உடனே குச்சியாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. எங்கே தண்ணீர் கிடைப்பது கஷ்டமோ அந்த நிலத்துக்காரர்தான் குச்சிக்காரரை அதிகம் கூப்பிட்டிருப்பார், அதனாலே வித்தியாசம் வந்திருக்கலாம். ஆனால் குச்சியாலே லாபம் என்று மட்டும் அந்தக் கணக்கிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே, 1917-இல், அமெரிக்க அரசாங்கத்தின் நிலவியல் துறை இந்தக் குச்சியின் சரித்திரத்தைத் தனிப் புத்தகமாகப் போட்டு, இதை இன்னும் சோதிப்பதற்கு அரசாங்கப் பணத்தைச் செலவழிப்பது வீண் என்று எழுதிவிட்டது.

ஆனாலும் ஜெர்மானியர்கள் விடவில்லை. 1980-களின் பிற்பகுதியிலே மியூனிக் நகரத்துப் பேராசிரியர்கள் அரசாங்கப் பண உதவியோடு ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஏறக்குறைய 500 குச்சிக்காரர்களை முதலிலே பார்த்து, அதிலே தேர்ந்த 43 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாடி உள்ள ஒரு வைக்கோல் கொட்டகை. கீழ்த்தளத்திலே வண்டியின் மேலே தண்ணீர்க் குழாய். வண்டியை 10 மீட்டர் நீளத்துக்கு எங்கே வேண்டுமானாலும் தள்ளி நிறுத்தலாம். மேல்தளத்திலே குச்சிக்காரர் நடந்து, குழாய் எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படி 843 தடவை நடந்தது. முடிவிலே, பெரும்பாலோர் சொன்னது குருட்டு ஊகம்தான், ஆனால் ஒரு ஐந்தாறு பேருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது என்று சோதனை நடத்தியவர்கள் அறிவித்தார்கள்.

அந்தக் கணக்கையே ஜேம்ஸ் என்ரைட் என்கிற அமெரிக்க விஞ்ஞானி மறுபடி போட்டுப் பார்த்தார். அந்த ஐந்தாறு பேரும் ஒரு தடவை குறி வைத்த மாதிரி அடுத்த தடவை வைக்கவில்லை. அதிலும் முதலாம் ஆள் என்று பெயர் வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நடக்கவே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் "நட்டநடுவிலே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாலும், சராசரியிலே அவருக்குக் கிடைத்த லாபத்தோடு 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பத்து மீட்டர் தூரத்திலே நாலு மில்லிமீட்டர்! நம்ம போர் வண்டியின் சுத்தி அகலமே அதைப் போலப் பல மடங்கு.

பிறகு 1990-இல் காஸல் என்ற ஊரிலே இன்னும் எளிமையான சோதனை. மண்ணுக்குள்ளே அரை மீட்டர் ஆழத்திலே பிளாஸ்டிக் குழாய் புதைத்தார்கள். குழாய் எங்கே போகிறது என்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டார்கள். அதிலே இப்போது தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். முப்பது குச்சிக்காரர்கள் வந்தார்கள். பரிசுத் தொகையும் வைத்திருந்தார்கள். நிபந்தனைகளைப் பார்த்து, 'இது எங்களால் முடியும்' என்று தைரியமாக ஒப்புக்கொண்டுதான் இறங்கினார்கள். மூன்று நாள் நடந்தது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தால் எவ்வளவு சரியாக வருமோ, அவ்வளவுதான் வந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், எதிர்ப்பக்கத்திலேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அது நமக்குப் பக்கத்துத் தேசமான இலங்கையிலே எடுத்தது. ஜெர்மன் அரசின் உதவித் திட்டத்திலே ஹான்ஸ் ஷ்ரோட்டர் என்கிற பொறியாளர் குச்சி வைத்து இடம் பார்த்தார். வறண்ட பிரதேசத்திலே 691 துளைகள் போட்டதிலே நூற்றுக்கு 96 வெற்றி என்று, மியூனிக் சோதனையை நடத்திய பேராசிரியர் பெட்ஸ் 1995-இல் எழுதினார். இலங்கையின் அந்தப் பகுதியும் நம்ம மாதிரி கெட்டிப் பாறை பூமி. குச்சியை நம்புகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் முன்னாலே வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கை இல்லைதான். ஆனால் ஷ்ரோட்டர் பல வருஷம் வறண்ட நாடுகளிலே தண்ணீர் தேடிப் பழுத்தவர். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவில்லை. சரிவு, ஓடை, மரம், பாறை எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கண் பார்த்துச் சொன்னதா, குச்சி சொன்னதா என்று பிரித்துக் காட்ட, அதே ஊர்களிலே குச்சி இல்லாமல் அதே அளவு துளை போட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. என் புத்திக்கு எட்டியவரை, அங்கே ஜெயித்தது அனுபவம். பெயர் வாங்கியது குச்சி.

சரி, குச்சி சுழல்வது பொய்யா? அதுதான் இல்லை. குச்சி நிஜமாகவே சுழலுகிறது. நீங்களே பிடித்துப் பாருங்கள். கவையின் இரண்டு கொம்பையும் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, வெளிப்பக்கமாக விரித்து இழுத்தால், குச்சி வில் மாதிரி விறைத்து நிற்கும். அந்த நிலையிலே மணிக்கட்டு ஒரு நெல் அளவு திரும்பினாலும் போதும், குச்சி வெடுக்கென்று குதிக்கும். உள்ளங்கைத் தேங்காயும் அப்படித்தான். ஒரு பக்கம் பளு கூடினால் புரளும். கை திரும்பியது பிடித்திருக்கிறவருக்கே தெரியாது. அதனாலே அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லாதீர்கள். பெரும்பாலானவர்கள் மனசார நம்பித்தான் செய்கிறார்கள்.

மனசு நினைத்ததைக் கை தானாகச் செய்துவிடும் என்பதை முதலிலே அழகாகக் காட்டியவர் ஷெவ்ரோல் என்கிற பிரெஞ்சு ரசாயன விஞ்ஞானி. நூலிலே வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே பாதரசத்தை வைத்தால் வளையம் ஆடியது. நடுவிலே கண்ணாடித் தட்டை வைத்தால் நின்றது. மற்றவர்களாக இருந்தால் "ஆகா, சக்தி!" என்று சொல்லியிருப்பார்கள். அவர் என்ன செய்தார்? தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொருத்தரை விட்டு, தனக்குத் தெரியாமல் கண்ணாடியை வைக்கவும் எடுக்கவும் சொன்னார். வளையத்திலே ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆட்டியது பாதரசம் இல்லை, தன் எண்ணம்தான் என்று 1833-இல் எழுதினார். 1852-இல் கார்ப்பென்டர் என்கிற ஆங்கில வைத்தியர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். எண்ணத்தாலே வருகிற அசைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம்ம ஊர் நீரோட்டக்காரர் முப்பது வருஷமாக நூற்றுக்கணக்கான நிலம் பார்த்தவர். பக்கத்துக் கிணறு எத்தனை அடி, எந்த ஓடை எங்கே திரும்புகிறது, எந்த வரப்பிலே கோடையிலும் அருகு பசுமையாக இருக்கிறது, எல்லாம் அவர் மனசிலே பதிந்து கிடக்கிறது. பள்ளமான இடம் வந்ததும் மனசு "இங்கேதான்" என்கிறது, மணிக்கட்டு திரும்புகிறது, குச்சி குதிக்கிறது. நல்ல அனுபவசாலிக்கு ஓரளவு பலிப்பதும் அதனாலே. அவரையே கண்ணைக் கட்டி, தெரியாத ஊரிலே கொண்டுபோய் விட்டால் பலிப்பதில்லை. தோற்றுப்போனதற்குச் சமாதானமும் தயாராக இருக்கும்: "பத்தடி தள்ளிப் போட்டுட்டீங்க", "இன்னும் நூறடி போயிருந்தா பொங்கியிருக்கும்", "வீட்டுலே தீட்டு இருந்துச்சா?" ஜெயித்த கிணற்றை ஊரெல்லாம் பேசும். தோற்ற போரை யார் பேசுவார்கள்? கல்லைப் போட்டு மூடிவிட்டு வாயையும் மூடிக்கொள்கிறோம்.

சந்தேகம் இருக்கிறவர்கள் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். பத்துக் குடத்தைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்றிலே மட்டும் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் கூடையாலே மூடிவிடுங்கள். ஊற்றினவர் அந்த இடத்தைவிட்டே போய்விட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நீரோட்டக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குடத்தை மாற்றி மாற்றி இருபது தடவை. சும்மா ஊகித்தாலே இருபதிலே இரண்டு சரியாக வரும். பத்து பன்னிரண்டு வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானும் வந்து பார்க்கிறேன். "குடத்துத் தண்ணிக்குக் குச்சி கட்டுப்படாதுங்க, ஓடற தண்ணிக்குத்தான்" என்று சொன்னால், வேறு வழி இருக்கிறது. ஒரே நிலத்தை மூன்று பேரிடம் தனித்தனி நாளிலே, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் காட்டுங்கள். நீரோட்டம் ஒன்றுதானே? மூன்று பேர் கல்லும் ஒரே இடத்திலே விழ வேண்டுமே!

இனி நம்ம பூமிக்கு வருவோம். தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எங்கே பார்த்தாலும் அடியிலே இருப்பது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கெட்டிப் பாறை. மழை வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர், அதிலே ஓடிப்போனது போகக் கொஞ்சம்தான் உள்ளே இறங்கும். மேலே மண், அதன் கீழே மக்கின சுக்காம்பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை. மக்கின பாறை பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைக்கும். நம்ம தாத்தா காலத்துக் கவலைக் கிணறெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் வெட்டியது. கெட்டிப்பாறையிலே அதிலே உள்ள வெடிப்பிலே மட்டும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பிலே துளை விழுந்தால் தண்ணீர். பத்தடி தள்ளி விழுந்தால் புகை. காவிரி மாதிரி ஆறு ஒன்றும் உள்ளே ஓடவில்லை.

மோட்டார் பம்புசெட் வந்து இறைப்பு கூடியதும் மக்கின பாறைத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. கிணற்றுக்குள்ளே பக்கப்போர் போட்டோம். பிறகு காற்றழுத்தச் சுத்தியாலே பாறையைத் துளைக்கிற வண்டிகள் வந்தன. பக்கத்துத் திருச்செங்கோட்டு வண்டி இல்லாத மாநிலம் இன்றைக்கு இந்தியாவிலே அபூர்வம். ஆழம் கூடக் கூட வெடிப்பு குறையும், பாறையின் பாரம் அதை நெருக்கி மூடிவிடும். அதனாலே "இன்னும் நூறடி" என்கிற பேச்சு எப்போதும் லாபமான பேச்சு இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியிலே தமிழ்நாட்டு மாவட்டங்கள் எல்லாவற்றையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்ததே, அந்தச் சமயத்திலே எத்தனை பேர் அந்த நூறடியை நம்பி இறங்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நிலத்தின் வாட்டத்தைப் பாருங்கள். இரண்டு சரிவு கூடுகிற பள்ளம், ஓடை திடீரென்று நேர்கோட்டிலே ஓடுகிற இடம், இவை அடியிலே வெடிப்பு இருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். வரிசையாக மருது, நாவல், ஈச்சை வளர்ந்திருந்தால் கவனியுங்கள். நம்ம பக்கத்திலே கறுப்புக் கல் வெட்டி எடுக்கிறார்களே, அந்தக் கறுப்புக் கல் சுவர் வைத்த மாதிரி நிலத்துக்குள்ளே நீளமாகப் போகும். சில இடங்களிலே அது நிலத்தடி அணைபோல நின்று, மேட்டுப் பக்கத்திலிருந்து வருகிற தண்ணீரைத் தேக்கும். அந்தச் சுவரின் மேட்டுப் பக்கம் கிணறு வெட்டியவர் பிழைத்திருப்பார், பள்ளப் பக்கம் வெட்டியவர் விதியை நொந்திருப்பார்.

அதற்கு மேலே கருவி இருக்கிறது. பிரான்சிலே கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912-இல் தொடங்கிய முறை. நிலத்திலே நாலு கம்பியை அடித்து, வெளியிலே உள்ள இரண்டு கம்பி வழியாக மின்சாரம் விட்டு, உள்ளே உள்ள இரண்டு கம்பியிலே அளந்து பார்ப்பார்கள். ஈரமான பாறை மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த கெட்டிப்பாறை தடுக்கும். கம்பிகளை அகலப்படுத்திக்கொண்டே போனால் ஆழத்து விவரம் தெரியும். நம்ம வேளாண்மைப் பொறியியல் துறை கட்டணம் வாங்கிக்கொண்டு விவசாயிக்கு இதைச் செய்து கொடுக்கிறது. இதுவும் தெய்வவாக்கு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். களிமண்ணும் மின்சாரத்தை விடும். ஆழத்திலே உள்ள மெல்லிய வெடிப்பு கருவிக்குத் தப்பிவிடும். ஆனால் மக்கின பாறை எத்தனை அடி, கெட்டிப்பாறை எங்கே தொடங்குகிறது என்று ஓரளவு சொல்லும். "இந்த நிலத்திலே போட வேண்டாம்" என்றும் சொல்லும். நீரோட்டக்காரர் கூப்பிட்ட இடத்துக்கு வந்து "இங்கே இல்லை, திரும்பிப் போங்க" என்று சொல்லுவது எத்தனை தடவை?

புகை வந்த குழியை அப்படியே விட்டுவிடாதீர்கள். 2019 அக்டோபரிலே திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியிலே கைவிட்ட துளையிலே விழுந்த இரண்டு வயசுக் குழந்தையை மீட்க முடியாமல் போனது. வண்டி கிளம்பும் முன்னாலேயே வாயை உறுதியாக அடைக்க வேண்டும், அல்லது மண்ணைப் போட்டு முழுசாக நிரப்ப வேண்டும். சாக்கும் முள்ளும் போட்டால் அது மூடினதாகாது.

கடைசியாக ஒன்று, இது குடிக்கிற தண்ணீர் விஷயம். குச்சி சுழன்று, போர் பொங்கி, இரண்டு இஞ்சு தண்ணீர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நம்ம மாவட்டத்துப் பாறையிலே ஃபுளூரைடு உண்டு. தண்ணீர் அதிலே வெகுகாலம் ஊறிக் கிடந்தால் அது கரைந்து சேரும். அதனாலே ஆழத்துப் போரிலே அபாயம் கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலே போனால் குழந்தைகளுக்குப் பல்லிலே காவிக் கறை ஏறும்; இன்னும் அதிகமாகி வருஷக்கணக்கிலே குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துக்கொள்ளும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் திறந்தார்கள். ஃபுளூரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியுமில்லை. காய்ச்சினாலும் போகாது. அதனாலே புதுப் போர்த் தண்ணீரை வீட்டுக் குடத்திலே பிடிப்பதற்கு முன்னாலே, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலிலே ஒரு லிட்டர் எடுத்து, ஊர் பெயரும் ஆழமும் எழுதி ஒட்டி, தர்மபுரியிலே உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்திலே கொண்டுபோய்க் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஃபுளூரைடு அளக்கிறதுக்குப் பிளாஸ்டிக்தான் சரி.